நைந்த பாஸ்போர்ட்: அப்படியே கொண்டுபோவதா, மாற்றிவிடுவதா?

பாஸ்போர்ட் ஓரம் கிழிந்திருந்தாலோ நனைந்து காய்ந்திருந்தாலோ, "இமிக்ரேஷனில் விடுவார்களா?" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி. ஆனால் இமிக்ரேஷன் வரிசைக்குப் போவதற்கு முன்பே ஒருவர் முடிவெடுத்துவிடுவார். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரில் உங்கள் பெட்டியை எடை போடும் விமான நிறுவன ஊழியர் அவர். போகிற நாடு உங்களை ஏற்காமல் திருப்பி அனுப்பினால், அந்த நிறுவனமே உங்களை இந்தியாவுக்குத் திரும்ப அழைத்துவர வேண்டும். பல நாடுகள் அதோடு அபராதமும் போடுகின்றன. அதனால் சந்தேகம் வந்தால் அவர் "கொஞ்சம் இருங்கள், சூப்பர்வைசரைக் கேட்கிறேன்" என்றுதான் சொல்வார். சூப்பர்வைசரும் உங்கள் டிக்கெட் பணத்தை நினைத்து முடிவெடுக்கப் போவதில்லை.

அதனால் உங்கள் பாஸ்போர்ட்டை உங்கள் கண்ணால் பார்க்காமல், அரை நிமிடம் மட்டுமே புரட்டப்போகும் அந்நியர் கண்ணால் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். உறைக்குள் இருக்கும்போது அட்டையின் முதுகும் தையலும் கண்ணில் படாது.

புகைப்படப் பக்கம்

எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியது இதுதான். மற்ற பக்கங்களில் மன்னிக்கப்படும் பழுது இங்கே மன்னிக்கப்படாது.

பக்கத்தின் அடியில் '<' குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 எழுத்துகள். ஸ்கேனர் படிப்பது இவற்றைத்தான். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம் அச்சாகியிருக்கும். கீறலால் 3 என்பதை 8 என்று இயந்திரம் படித்தால், கணக்கு இடித்து, அது மறுத்துவிடும். அதனால் அந்த இரண்டு வரிகள் மேல் விழும் மெல்லிய கீறல், பேனா மை, மடிப்புக் கோடு எதுவாயினும் பெரிய விஷயம். ஊழியர் கையால் தட்டச்சு செய்து சமாளிக்கலாம்தான். சிங்கப்பூர் சாங்கி போல ஆளில்லாத தானியங்கி வாயில்கள் உள்ள இடத்தில் அப்படிச் சமாளிக்க ஆள் தேடித் தனி வரிசைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பல விமான நிறுவனங்களின் செயலியில் பாஸ்போர்ட்டை கேமராவில் காட்டி விவரம் நிரப்பும் வசதி உண்டு. நல்ல வெளிச்சத்தில் நாலைந்து முறை காட்டியும் படிக்கவில்லை என்றாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தாலோ, மாற்றுவதுதான் புத்தி.

அடுத்தது, மேலே ஒட்டியிருக்கும் லேமினேஷன் படலம். சென்னைக் காற்றின் ஈரத்தில், பீரோவில் பல வருடம் கிடந்த பாஸ்போர்ட்களில் இது மூலையிலிருந்து எழும்பத் தொடங்கும். நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தால் அது வெறும் தேய்மானம் இல்லை. படலத்தைப் பிரித்துப் புகைப்படத்தை மாற்றி ஒட்டுவது போலி பாஸ்போர்ட் செய்பவர்களின் பழைய முறை. எழும்பிய படலத்தைக் கண்டதும் அதிகாரிக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். உங்கள் முகத்தில் நேர்மை எவ்வளவு வழிந்தாலும் அங்கே எடுபடாது. படலத்துக்குள் நீர்க்குமிழி, மஞ்சள் கறை, பூஞ்சைப் புள்ளி, முகத்தின் மேல் வெடிப்பு, கையெழுத்து மங்கியது ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

தையல், பக்கங்கள், அட்டை

பக்க எண்களை வரிசையாக எண்ணுங்கள். சாதாரணப் புத்தகத்தில் 36, பெரியதில் 60. ஒன்று குறைந்தாலும் அந்தப் பாஸ்போர்ட்டோடு கிளம்பக் கூடாது. வீட்டுக்குத் தெரியாமல் பாங்காக் போய்வந்ததை மறைக்கப் பக்கத்தைக் கிழித்தவர்கள், திரும்பி வந்து விமான நிலையத்தில் மாட்டி வழக்கு வாங்கிய செய்திகள் பத்திரிகையில் வந்ததுண்டு. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. நாம் வைத்திருக்கிறோம், அவ்வளவே. 12ஆம் பிரிவின்படி அதிலுள்ள பதிவுகளை அனுமதியின்றித் திருத்தினாலோ, பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினாலோ 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

நடுத்தையலை விரித்துப் பாருங்கள். நூல் அறுந்து நடுத்தாள் கழன்று வந்தால் பழுது. அட்டையிலிருந்து உள்தாள் பிரிந்து தொங்கினால் பழுது. உள்பக்கம் ஒன்றின் ஓரத்தில் கால் அங்குலக் கிழிசல் இருந்து, அதில் விசாவோ முத்திரையோ இல்லையென்றால், பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே கிழிசல் விசா ஸ்டிக்கர் மேல் ஓடியிருந்தால் பாஸ்போர்ட்டோடு விசாவும் கேள்விக்குறி.

குழந்தைகள் கிறுக்கியது, சுற்றுலாத் தலங்களில் ஆசைக்குக் குத்திக்கொண்ட அலங்கார முத்திரை, ஏஜென்ட் அடித்த ஸ்டேப்ளர் ஓட்டை ஆகியவை நாட்டுக்கு நாடு, அதிகாரிக்கு அதிகாரி மாறும். வெற்றுப் பக்கத்தில் ஒரு பேனாக் கோடு என்றால் கவலை வேண்டாம். புகைப்படப் பக்கத்திலோ, பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கத்திலோ இருந்தால் மாற்றுங்கள்.

கவலைப்பட வேண்டாதவையும் உண்டு. அட்டையின் தங்க எழுத்தும் சிங்கச் சின்னமும் தேய்ந்து போனது, மூலைகள் லேசாகச் சுருண்டது, உட்கார்ந்து உட்கார்ந்து புத்தகம் வில்லாக வளைந்தது, பின்னட்டையில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர்கள். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கப் போய் அட்டையையே உரித்துவிடாதீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

சென்னையில் 2025 மார்ச் முதல் இ-பாஸ்போர்ட் தருகிறார்கள். முன்னட்டையில் தலைப்புக்குக் கீழே சிறிய தங்க நிறச் சின்னம் இருந்தால் உங்களுடையது அந்த வகை. உள்ளே சிப்பும் மெல்லிய ஆன்டெனாவும் இருக்கின்றன. பின்பாக்கெட்டில் வைத்து மடித்து உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கம்பி விட்டிருக்கலாம். இந்த வகைக்கு ஸ்டேப்ளர் பின்னும் துளையும் பரம எதிரி.

தண்ணீர் பட்டிருந்தால்

இந்த ஊரில் இதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பாஸ்போர்ட்கள் எவ்வளவு நாசமாயின என்றால், அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், சென்னையின் மூன்று பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களிலும் (விண்ணப்பங்களை நேரில் வாங்கும் மையங்கள்) கட்டணமில்லாமல் புதிது தரப்படும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அது அந்த வெள்ளத்துக்கான சலுகை. வாஷிங் மெஷினில் பேன்ட்டோடு சுழன்ற பாஸ்போர்ட்டுக்கு அது கிடைக்காது.

இப்போதுதான் நனைந்தது என்றால் அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் மூன்றையும் மறந்துவிடுங்கள். சூட்டில் லேமினேஷன் சுருங்கி, பக்கம் அப்பளமாகும். புத்தகத்தைத் துணியால் ஒற்றி, சில பக்கங்களுக்கு ஒன்றாக டிஷ்யூ பேப்பர் வைத்து, பாதி விரித்த நிலையில் செங்குத்தாக நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிஷ்யூவை மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை பக்கத்தில் இறங்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரிக்க முயன்றால் கிழியும்.

காய்ந்த பிறகு மேலே சொன்னபடி மறுபடி பாருங்கள். பக்க ஓரங்கள் அலையலையாக நின்றாலும், அச்சும் புகைப்படமும் முத்திரைகளும் தெளிவாக இருந்தால் பக்கத்து நாட்டுக்குப் போய்வர முடியும் என்பார்கள் சிலர். எங்கள் கணக்கு வேறு: விசா முத்திரை மை கரைந்து பரவியிருந்தால், லேமினேஷனுக்குள் நீர் புகுந்த தடம் இருந்தால், பூஞ்சை வாடை அடித்தால், அது பழுதான பாஸ்போர்ட்தான்.

நீங்களே சரிசெய்ய வேண்டாம்

செல்லோடேப் ஒட்டுவது, ஃபெவிக்விக் போடுவது, மங்கிய எழுத்தைப் பேனாவால் ஒருமுறை எழுதுவது எதுவும் கூடாது. எல்லாவற்றிலும் மோசமானது, ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புகைப்படப் பக்கத்துக்குப் புது லேமினேஷன் போட்டு வருவது. அதுவரை 'பழுது' என்று மட்டும் பெயர் வாங்கியிருந்த பாஸ்போர்ட், அந்த நிமிடம் முதல் 'கைவைக்கப்பட்டது' ஆகிவிடும். கிழிசலை யாரும் விளக்கிவிடலாம், டேப்பை விளக்குவது கடினம்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்?

சிறு பழுதைக்கூட விடாத நாடு என்று பயணிகளிடையே பெயர் வாங்கியது இந்தோனேசியா. பாலிக்குக் கிளம்பிய பலர், ஓரக் கிழிசலுக்கும் நீர்க்கறைக்கும் விமானத்தில் ஏற்றப்படாமல் திரும்பியிருக்கிறார்கள். தேனிலவுக்கு பாலி என்றால் பாஸ்போர்ட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாடுகள் வழியாகப் போகும் பயணத்தில் ஒவ்வொரு விமான நிலையமும் ஒரு புதுத் தேர்வு. சென்னையில் தாண்டியது, இடையில் மாறும் ஊரில் மாட்டலாம். அங்கே சிக்கினால் வீட்டுக்கும் வர முடியாது, மேலும் போக முடியாது.

விசா வாங்க வேண்டிய பயணத்தில் பழுதுள்ள பாஸ்போர்ட்டை விசா மையத்தில் கொடுப்பது வீண் செலவு. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களாவது வேண்டும். சிங்கப்பூர் 6 மாதச் செல்லுபடியைக் கேட்கிறது. ஆகவே பழுது சிறியதாக இருந்தாலும், காலாவதிக்கு ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். கடைசி ஒரு வருடத்தில் எப்படியும் மறுவழங்கலுக்கு, அதாவது பழையதற்குப் பதில் புதிது வாங்க, விண்ணப்பிக்கலாம். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பாஸ்போர்ட், பிறகு விசா, அதன் பிறகு டிக்கெட்.

நாள்கணக்கு

பயணத்துக்கு இரண்டு மாதம் இருந்தால் சாதாரண முறையில் மாற்றுங்கள். சந்தேகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. மூன்று நான்கு வாரம் என்றால் தட்கல், அதாவது கூடுதல் கட்டணத்தில் விரைவாகத் தரும் முறை. தட்கலில் முன்கூட்டிய போலீஸ் விசாரணை தேவைப்படாத விண்ணப்பத்துக்கு, கொடுத்த நாளைத் தவிர்த்து மூன்றாவது வேலைநாளில் பாஸ்போர்ட் அனுப்பப்படும் என்பது விதி. அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளையும், பிறகு ஸ்பீட் போஸ்ட் வரும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தட்கலுக்கு ஒரு தடை உண்டு. பழுது பகுதியளவுதான், அதாவது பாஸ்போர்ட் எண் படிக்க முடிகிறது, பெயர் தெரிகிறது, புகைப்படம் சிதையவில்லை என்றால்தான் தட்கல். அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் சாதாரண முறை மட்டுமே. அதில் விசாரணையும் சேர்ந்து எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது, பயணத் தேதியைத் தள்ளிவிடுவதே மேல்.

பத்து நாளுக்குள் பயணம் என்றால் நிதானம் வேண்டும். சேவா கேந்திரத்தில் விண்ணப்பம் ஏற்கப்படும்போதே பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடுவார்கள். புதிது தாமதமானால் பழையதை வைத்துக் கிளம்ப வழியே இல்லை. பழுது அட்டை மூலை அளவில் இருந்தால் அப்படியே போய்வந்து பிறகு மாற்றலாம். புகைப்படப் பக்கத்தில் பழுது என்றால், நேரம் குறைவாக இருந்தாலும் தட்கல் முயற்சி செய்யுங்கள், கூடவே டிக்கெட் தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவன அலுவலகத்தில் காட்டி "பரவாயில்லை" என்று வாய்மொழியாக வாங்கி வருவதால் பயனில்லை. பயணத்தன்று கவுண்டரில் இருப்பவர் வேறொருவர்.

விண்ணப்பிக்கும் முறை

தளம்: பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். இதே சாயலில் போலித் தளங்கள் பல உண்டு, முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எம்-பாஸ்போர்ட் சேவா செயலியிலும் செய்யலாம்.

மறுவழங்கல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணம் கேட்கும் இடத்தில் 'பழுதான பாஸ்போர்ட்' என்று குறிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சாதாரண மறுவழங்கலுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். பழுதான பாஸ்போர்ட்டுக்கு மாற்று என்றால் 3,000. 60 பக்கத்துக்கு முறையே 2,000, 3,500. தட்கலுக்கு இவற்றின் மேல் 2,000 கூடுதல். இந்த 1,500 ரூபாய் வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க 'பக்கங்கள் தீர்ந்தன' என்றோ 'காலாவதி' என்றோ போட்டுவிட்டுப் போனால், கவுண்டரில் புத்தகத்தைப் புரட்டும் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும். வகையை மாற்றச் சொல்வார், மீதியைக் கட்டச் சொல்வார், வாக்குமூலம் கொண்டுவரவில்லை என்பார், அந்த அப்பாயின்ட்மென்ட் போய்விடும். கட்டணத்தைத் தளத்திலுள்ள கணிப்பானில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் சேவா கேந்திரங்கள் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று இடங்களில். வீட்டுக்கு அருகில் எது என்பதைவிட எதில் முந்திய தேதி கிடைக்கிறது என்று பாருங்கள். எடுத்த தேதியை ஒரு வருடத்துக்குள் மூன்று முறை மாற்றிக்கொள்ள முடியும்.

கொண்டுபோக வேண்டியவை: பழைய பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் கையொப்பமிட்ட நகல், தற்போதைய முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, பிறகு 'அனெக்ஷர் எஃப்' என்ற வாக்குமூலம். எங்கே, எப்படிப் பழுதானது என்று அதில் எழுத வேண்டும். 2016 டிசம்பரில் விதிகள் தளர்ந்த பிறகு இதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி என்று வாசலில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாக்குமூலத்தை நீட்டி முழக்க வேண்டாம்: எந்த மாதம், எந்த இடம், என்ன நடந்தது, எந்தப் பக்கங்கள் பாதிக்கப்பட்டன, அவ்வளவு போதும். நேரில் கேட்டால் அதே பதில் வர வேண்டும். எழுதியது 'மழை', வாயில் வந்தது 'வாஷிங் மெஷின்' என்றால் கோப்பு நிற்கும். எமிக்ரேஷன் சரிபார்ப்பு (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசு அனுமதி) தேவையில்லாதவர் என்ற நிலைக்கு பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். தட்கல் என்றால் பட்டியலில் உள்ள அடையாள ஆவணங்களில் மூன்று வேண்டும். அரசு ஊழியர்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவித்த கடிதத்தை மறக்கக் கூடாது.

உள்ளே டோக்கன் வாங்கிய பிறகு மூன்று நிலை. 'ஏ' கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். அதனால் பெரியவர்களுக்கு போட்டோ கொண்டுபோகத் தேவையில்லை. 'பி'யில் சரிபார்ப்பு, 'சி'யில் வழங்கும் அதிகாரி. பழுது எப்படி வந்தது என்ற கேள்வி இங்கே வரும். திருப்தியில்லை என்றால் கோப்பு அண்ணா சாலை ராயலா டவர்ஸில் உள்ள மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும். அங்கே நேரில் போக நேரிடலாம்.

வீடு மாறியிருந்தால் விண்ணப்பத்தில் இப்போதைய முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வாய்ப்பு கூடும் என்று பயந்து பழைய முகவரியைப் போட்டால், ஸ்பீட் போஸ்ட் பழைய வீட்டுக்குப் போய், ஆளில்லை என்று திரும்பும். பாஸ்போர்ட்டை விண்ணப்பித்தவர் கையில்தான் தபால்காரர் கொடுப்பார், கேந்திரத்தில் நேரில் வாங்கிக்கொள்ள முடியாது.

பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால்

வழங்கும் அதிகாரியிடம், செல்லுபடியாகும் விசா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலிலேயே காட்டுங்கள். ரத்து செய்யும்போது மூலையை வெட்டுவதும் முத்திரை குத்துவதும் அந்தப் பக்கத்தைத் தொடாமல் செய்வார்கள். பழைய புத்தகத்தைத் திரும்ப வாங்காமல் வெளியே வராதீர்கள். அமெரிக்க விசா பழுதில்லாமல் இருந்தால், பழையதும் புதியதுமாக இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். விசா ஸ்டிக்கரே சிதைந்திருந்தால் புது விசாதான். மற்ற நாடுகளுக்கு, அந்தந்தத் தூதரகத்தின் விதியைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

ஸ்டிக்கர் இல்லாத மின் விசாக்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. பிரிட்டனின் இ-விசா வைத்திருப்பவர் கணக்கில் புது எண்ணைச் சேர்க்காவிட்டால், விமான நிறுவனத்தின் திரையில் அனுமதி காட்டாது. ஆஸ்திரேலிய விசாவுக்கும் இதே வேலை உண்டு. வாங்கி வைத்த சிங்கப்பூர் விசாவில் பழைய எண் இருந்தால், அதைக் கொண்டு போக முடியுமா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிது கைக்கு வந்ததும் பெயர் எழுத்துகள், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கடைசிப் பக்கத்தில் அச்சாகும் பழைய பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் அன்றே சரிபாருங்கள். டிக்கெட் முன்பதிவிலும், வைத்திருந்தால் சென்னை விமான நிலையத்தின் விரைவு இமிக்ரேஷன் பதிவிலும் பழைய எண்தான் இருக்கும். இரண்டையும் திருத்த வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும்போது பாஸ்போர்ட் சிதைந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் புதுப் பாஸ்போர்ட் தருவார்கள், அவசரம் என்றால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட். அது இந்தியாவுக்குத் திரும்பிவர ஒரு வழிக்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போகும் திட்டத்தைத் தொடர முடியாது. புறப்படுமுன் புகைப்படப் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூன்றின் நகலைப் பெட்டியில் தனியாகவும், படத்தை மெயிலிலும் வைத்திருந்தால் அங்கே பாதி வேலை மிச்சம்.